வெடிமருந்தும் ஓவியமும்

சொற்பொருள் கற்பிக்கும் வகுப்பில் மாணாக்கன் ஒருவன், "ஐயா, உயிரைக் கொல்லும் பொடிக்கு மருந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள்?" என வினவினான். நல்ல வினா. சீன மொழியிலும் அதற்குத் 'தீ மருந்து' என்பதே பெயர். சாவா மருந்து தேடிய சீனத்து இரசவாதிகளின் கையில் அகப்பட்டது அது என்பர்.

அம்மருந்தையே வண்ணமாகக் கொண்டவர் சாய் குவோ சியாங் என்னும் சீன ஓவியர். 1957இல் சுவான்சௌ என்னும் துறைமுக நகரிற் பிறந்தவர். அந்நகர் நமக்கு அயலன்று. தமிழர் அங்கே சிவன்கோயில் எடுத்த செய்தியை 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று தமிழிலேயே கூறுகின்றது.

அவர் சீலையில் வெடிமருந்தைத் தூவித் திரியைக் கொளுத்துவார். கணப்பொழுதில் புகையும் கரியும் பதித்துச் செல்லும் வடிவமே ஓவியம். முன்பொருநாள் சீலை பற்றி எரியவே, பாட்டியார் துணியொன்றை எறிந்து அணைத்தாராம். மூட்டுவதினும் அணைக்க அறிவதே பெரிதென்று அவரிடம் கற்றதாக ஓவியர் கூறுவதுண்டு. 2015இல் நூறு வயதெய்திய அப்பாட்டியாருக்காக, முன்னர் மூன்று முறை கைகூடாத 'வான் ஏணி'யைச் சுவான்சௌக் கடலோரத்தில் எழுப்பினார். பலூன் தாங்கிய 500 மீற்றர் ஏணி படிப்படியாய்த் தீப்பற்றி விண்ணேறியது.

இது வாணவேடிக்கையேயன்றி ஓவியமன்று என்பாரும் உளர். காலையில் இட்ட கோலம் மாலைக்குள் அழிகின்றது. அதனைக் கலையன்றென்று தள்ளுவார் யார்?

எனக்குள்ள தடை வேறு. திருகோணமலையில் வாழ்வோர்க்கு வெடி வெறுங் காட்சியன்று. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது சீனக்குடா எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. பின்னர் வந்த உள்நாட்டுப் போர் 2009இல் ஓய்ந்தது. டைனமைற் வெடித்து மீன்பிடிப்போரால் இக்கரையின் பவளப்பாறைகளும் சிதைந்தன. மூட்டியவர்களுள் எவரும் அணைக்கக் கற்றவரல்லர்.

அவ்வோவியரும் ஒருமுறை தவறினார். 2025 செப்ரெம்பரில் திபெத்திய மலைச்சாரலில் வாணம் கொளுத்தினார். இமயத்தின் இயற்கைக்குக் கேடென்று கண்டனம் எழவே மன்னிப்புக் கேட்டார். பாட்டியாரின் பாடம் அன்று மறந்துபோயிற்று போலும்.

ஆதலின், மருந்துக்கு அளவும் இடமும் உண்டென்றும், அவை தவறின் அதுவே நஞ்சென்றும் அம்மாணாக்கனுக்கு விடை கூறினேன். நம் பாடசாலைகளில் சித்திரம் கற்பிப்போர் இவ்வோவியரை மாணாக்கர்க்கு அறிமுகம் செய்தல் வேண்டும். வான் ஏணியை மட்டும் காட்டாது இமயத்துப் பிழையையும் காட்டுக. வெடியின் வடுவைக் கண்டு வளரும் இவ்வூர்ப் பிள்ளைகள் இரண்டையும் பிரித்தறிவர்.