ஓட்டு கிடைத்தது, முகவரி மாறவில்லை: தென்னாப்பிரிக்காவின் 30 ஆண்டுக் கணக்கு

2025 மே 21. வெள்ளை மாளிகையின் ஓவல் அறை. தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ராமபோசா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விளக்குகளை மங்கலாக்கச் சொல்லிவிட்டு டிவியில் ஒரு வீடியோவைப் போட்டார் டிரம்ப். சாலையோரம் வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். கொல்லப்பட்ட வெள்ளை விவசாயிகள் புதைக்கப்பட்ட இடம் என்றார். அது புதைத்த இடமே இல்லை. கொலையான ஒரு விவசாயத் தம்பதிக்காக 2020-ல் நடந்த அஞ்சலி நிகழ்வில் தற்காலிகமாக நட்டுவைத்த சிலுவைகள் அவை. ஆனால் உண்மை வெளியே வருவதற்குள் அந்த கிளிப் உலகத்தைச் சுற்றிவிட்டது. "அங்க வெள்ளைக்காரங்க நிலத்தையெல்லாம் பிடுங்குறாங்களாமே?" என்று எனக்கே இரண்டு பேர் மெசேஜ் அனுப்பிக் கேட்டார்கள்.

பதில் சுருக்கமானது: இல்லை. தென்னாப்பிரிக்க அரசு 2017-ல் எடுத்த நிலத் தணிக்கையின்படி, தனிநபர்கள் பெயரில் இருக்கும் விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையர்களிடம் இருக்கிறது. மக்கள்தொகையில் அவர்கள் 7 சதவீதம் சொச்சம். 81 சதவீதம் இருக்கும் கறுப்பின மக்களிடம் இருப்பது 4 சதவீத நிலம். டிரம்ப்பைக் கோபப்படுத்திய 2025 ஜனவரிச் சட்டம், பொதுநலனுக்காக நிலத்தைக் கையகப்படுத்துவது பற்றியது. கைவிடப்பட்டவை, விலை ஏறட்டும் என்று சும்மா போட்டுவைத்தவை போன்ற சில வகை நிலங்களை மட்டும் இழப்பீடு இல்லாமலும் எடுக்கலாம் என்கிறது. அது நல்ல சட்டமா என்பதில் அங்கேயே சண்டை நடக்கிறது. கூட்டணி ஆட்சியில் பங்கு வைத்திருக்கும் ஜனநாயகக் கூட்டணிக் கட்சியே அதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறது.

ஆக, 'ஏன் பிடுங்குகிறார்கள்' என்ற கேள்வியே தப்பு. நிறவெறி ஆட்சி முடிந்து 30 வருஷம் ஆகியும் ஏன் பெரிதாக எதுவும் கை மாறவில்லை? அதைத்தான் கேட்க வேண்டும்.

மீடியா ஸ்டடீஸ் வகுப்பில் எங்களுக்குக் காட்டிய ஒரு புகைப்படம் இன்னும் நினைவில் இருக்கிறது. 1994 ஏப்ரல் தேர்தலில் ஓட்டுப்போட நின்ற கூட்டத்தை மேலிருந்து எடுத்தது. வெட்டவெளியில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் மனித வரிசை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப்போட வந்தவர்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 62 சதவீத வாக்கு வாங்கியது, மே 10-ம் தேதி நெல்சன் மண்டேலா அதிபரானார். எங்கள் பாடம் அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களை அந்த நாட்டில் 'சுதந்திரத்தில் பிறந்தவர்கள்' என்பார்கள். கிட்டத்தட்ட நம்ம செட்தான். 15 முதல் 34 வயதுக்குள் வேலை தேடுபவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அங்கே வேலை இல்லை.

மண்டேலா விலைபோனாரா?

இந்தக் குற்றச்சாட்டை வைப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள்தான் என்பது முதலில் கேட்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். அவர்கள் சொல்வதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 1913-ல் வந்த நிலச் சட்டம், நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மக்களை வெறும் 7 சதவீத நிலத்துக்குள் அடைத்தது. 1936-ல் அது 13 சதவீதமானது, அவ்வளவுதான். 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் வாழலாம் என்று எழுதிவைத்தது. கேப்டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதி 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, 60,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளை புல்டோசர் வைத்து இடித்தார்கள். 1990-களின் சமரசத்தில், இப்படிச் சேர்ந்த சொத்து அப்படியே இருக்க அனுமதிக்கப்பட்டது. புதிய அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு சொத்துரிமைக்குப் பாதுகாப்பு கொடுத்தது. நிலச் சீர்திருத்தத்துக்கும் அதே பிரிவில் இடம் இருந்தாலும், அரசு தேர்ந்தெடுத்த வழி 'விற்க விரும்புபவர், வாங்க விரும்புபவர்' என்ற சந்தை வழி. ஐந்து வருஷத்தில் 30 சதவீத விவசாய நிலத்தைக் கை மாற்றுவோம் என்றார்கள். நடக்கவில்லை. கெடு 2014-க்குத் தள்ளிப்போனது. அப்போதும் நடக்கவில்லை.

ஆனாலும் 'மண்டேலா விலைபோனார்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை நடந்த நாலு வருஷத்தில் அரசியல் வன்முறையில் சுமார் 14,000 பேர் செத்திருக்கிறார்கள். ராணுவமும் போலீஸும் பழைய ஆட்சியின் கையில். 1993 ஏப்ரலில் மக்களின் பெரும் தலைவர் கிறிஸ் ஹானி வீட்டு வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டபோது, நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோவே பழைய அரசு அதிகாரிகளின் வேலைக்கு உத்தரவாதம் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார் என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. கழுத்தில் கத்தி இருக்கும்போது போட்ட ஒப்பந்தம் அது. என் கோபமெல்லாம் கத்தி விலகிய பிறகு நடந்ததன் மேல்தான்.

பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 1998-ல் கொடுத்த அறிக்கையில் செல்வ வரி பற்றிப் பேசியது. நிறவெறியால் லாபம் பார்த்தவர்கள் ஒருமுறை ஏதாவது திருப்பிக் கொடுக்கட்டும் என்பது அடிப்படை யோசனை. துப்பாக்கி மிரட்டல் எதுவும் இல்லாத காலம் அது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் முரட்டுப் பெரும்பான்மை இருந்தது. ஆனால் யோசனை கிடப்பில் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2003-ல் ஆளுக்கு 30,000 ரேண்ட் கொடுத்து கணக்கை முடித்தார்கள்.

வீடு கட்டினார்கள். எங்கே கட்டினார்கள்?

எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 30 லட்சத்துக்கும் மேல் இலவச வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி 94 சதவீத வீடுகளில் மின்விளக்கு எரிகிறது. சுமார் 1.9 கோடி உதவித்தொகைகளை மாதாமாதம் கொடுக்கிறார்கள். குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான தொகைகள் இவை. இவை இல்லாவிட்டால் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியாது. வேலையில்லாதவர்களுக்கு கொரோனா காலத்தில் ஆரம்பித்த 350 ரேண்ட் தொகையை இன்னும் நிறுத்த முடியவில்லை, 370 ஆக்கியிருக்கிறார்கள். நம்ம காசுக்கு மாதம் சுமார் 2,000 ரூபாய்தான்.

அந்த வீடுகள் கட்டப்பட்ட இடத்தைப் பாருங்க. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் மானியம் என்று ஒரு தொகை வைத்தார்கள். நிலமும் பெரும்பாலும் அதற்குள் அடங்க வேண்டும். எண்ணிக்கையும் காட்ட வேண்டும். நிலம் எங்கே மலிவு? நகரத்துக்கு வெளியே, பழைய ஆட்சி கறுப்பின மக்களைத் தள்ளிவைத்த அதே ஓரங்களில். அங்கேயே வரிசை வரிசையாகப் பெட்டி வீடுகள் எழுந்தன. கூரை கிடைத்தது, குழாய் கிடைத்தது. வேலை மட்டும் 30, 40 கிலோமீட்டர் தள்ளி. இருட்டோடு எழுந்து மினிபஸ் டாக்ஸிக்கு நிற்க வேண்டும், சம்பளத்தில் கணிசமான பங்கு டாக்ஸிக்கே போய்விடும். வேலை தேடிப் போகவே காசு வேண்டும் என்றால் வேலையில்லாதவர் என்ன செய்வார்? நிறவெறி ஆட்சி வரைந்த வரைபடத்தை, அதை ஒழித்தவர்களின் அரசே நல்லெண்ணத்தோடு செங்கல் வைத்து நிரந்தரமாக்கிவிட்டது. இந்த 30 வருஷத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான், ஊழல்கூட இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் சாண்ட்டன் என்று ஒரு பகுதி. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பணக்கார சதுர மைல் என்பார்கள். நெடுஞ்சாலையைத் தாண்டினால் அலெக்ஸாண்ட்ரா, தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்து நிற்கும் கறுப்பினக் குடியிருப்பு. கூகுள் மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டுப் பாருங்க, நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும். வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு தென்னாப்பிரிக்காவில் 0.63. உலக வங்கியின் பட்டியலில் அதுதான் முதலிடம்.

சாண்ட்டனில் இப்போது கறுப்பினப் பணக்காரர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லணும். 2003-ல் வந்த கறுப்பினப் பொருளாதார அதிகாரமளித்தல் சட்டம் ஒரு நடுத்தர வர்க்கம் வளர உதவியது. ஆனால் பெரிய பங்குகள் கட்சிக்கு நெருக்கமான சிலர் கைக்கே போயின. ராமபோசாவின் கதையே போதும். 1982-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். பிறகு பெரும் கோடீஸ்வரத் தொழிலதிபர். 2012 ஆகஸ்ட் 16-ல் மரிக்கானாவில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரை போலீஸ் சுட்டுக்கொன்றபோது, அந்தச் சுரங்க நிறுவனமான லோன்மினின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். விசாரணை ஆணையம் அவர் மீது குற்றப்பொறுப்பு சுமத்தவில்லை. ஆனால் மேஜைக்கு எந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை சுரங்கத் தொழிலாளர்கள் மறக்கவில்லை.

அப்புறம் ஊழல்

இந்தப் பகுதி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், காரணம் இதில் ஒரு இந்தியக் கிளைக்கதை உண்டு. உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து போன குப்தா சகோதரர்கள், ஜேக்கப் ஜூமா அதிபராக இருந்த காலத்தில் (2009-2018) அமைச்சர் நியமனம் வரை தலையிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் மறுக்கிறார்கள். நீதிபதி ஜோண்டோ தலைமையிலான ஆணையம் நாலு வருஷம் விசாரித்து, அரசு நிறுவனங்கள் எப்படிச் சூறையாடப்பட்டன என்று தொகுதி தொகுதியாக எழுதியது. அதில் அரசு மின் நிறுவனம் எஸ்காமும் ஒன்று. 2023-ல் வருஷத்தின் பெரும்பாலான நாள்கள் அங்கே சுழற்சி முறையில் மின்வெட்டு. கடந்த பத்து வருஷத்தில் சராசரிப் பொருளாதார வளர்ச்சி 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2000-களின் நடுவில் 5 சதவீதத்தைத் தொட்ட நாடு அது. கடனை அடைக்க வேண்டிய வருஷங்களில் கல்லாப்பெட்டியே காணாமல் போனது மாதிரி.

2021 ஜூலையில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஜூமா சிறைக்குப் போனார். கலவரம் வெடித்தது, 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் டர்பனுக்குப் பக்கத்திலிருக்கும் ஃபீனிக்ஸ் நமக்கு நெருக்கமான பெயர். காந்தி குடியிருப்பு அமைத்த பகுதி. 1860-ல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சாவளியினர் கணிசமாக வாழும் ஊர். கடைகள் சூறையாடப்பட, போலீஸ் வராமல் போக, இந்திய வம்சாவளியினர் சிலர் சாலைத் தடுப்புகள் போட்டு ஆயுதத்தோடு நின்றார்கள். அங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினர் பகுதிக்கும் நடுவில் இந்தியர்களைக் குடிவைப்பது பழைய ஆட்சியின் திட்டம். 1983-ல் இந்தியர்களுக்கு நாடாளுமன்றத்தில் தனி அவை கொடுத்து, கறுப்பின மக்களை வெளியே நிறுத்தியதும் அதே கணக்குதான். நம் உறவுக்காரர்கள் அங்கே பாதிக்கப்பட்டவர்களும்தான், நடுப்படியில் நிற்கவைக்கப்பட்டவர்களும்தான். தில்லையாடி வள்ளியம்மையை நினைவுகூரும்போது நாம் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

ஒரு விஷயம் மட்டும் வேலை செய்கிறது

அரசியல் அமைப்பு. முன்னாள் அதிபரையே உள்ளே தள்ளும் தைரியம் நீதிமன்றத்துக்கு இருந்தது. 2024 மே தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40 சதவீதத்துக்கு இறங்கியது, 30 வருஷத்தில் முதல்முறையாகப் பெரும்பான்மை போனது. தோல்வியை ஒப்புக்கொண்டு, பிரதான எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து கூட்டணி ஆட்சி அமைத்தார்கள். விடுதலைக்குப் போராடிய எத்தனை கட்சிகள் இப்படி நடந்துகொண்டிருக்கின்றன? 2025 பட்ஜெட்டில் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தும் திட்டத்தைக் கூட்டணிக் கட்சிகள் எதிர்க்க, அரசு பின்வாங்க வேண்டிவந்தது. இது நல்ல சகுனம்தான். ஆனால் பதிவுசெய்த வாக்காளர்களில் 58 சதவீதம் பேர்தான் 2024-ல் ஓட்டுப்போட்டார்கள். இளைஞர்களில் கணிசமானோர் பதிவுகூடச் செய்வதில்லை. அந்தப் புகைப்படத்தின் வரிசை கலைந்துகொண்டிருக்கிறது.

கேப்டவுனில் கடற்கரையை ஒட்டி சீ பாயிண்ட் என்று ஒரு வசதியான பகுதி. அங்கே டாஃபெல்பெர்க் என்ற பழைய பள்ளி வளாகம், அரசு நிலம். அதை 13.5 கோடி ரேண்டுக்கு ஒரு தனியார் பள்ளிக்கு விற்க மாகாண அரசு முடிவெடுத்தது. அந்தப் பகுதி வீடுகளில் சமைத்து, துடைத்து, பிள்ளைகளை வளர்க்கும் பெண்களும் வாட்ச்மேன்களும் அங்கேயே குடியிருக்க வாடகை வீடு கட்டுங்கள் என்று செயற்பாட்டாளர்கள் வழக்கு போட்டார்கள். 2020-ல் உயர் நீதிமன்றம் விற்பனையை ரத்து செய்தது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் வாதங்களைக் கேட்டது. இத்தனை வருஷமாக இத்தனை நீதிபதிகள் முன்னால் வந்துபோன அந்த இடத்தின் பரப்பு 1.7 ஹெக்டேர். நம்ம கணக்குக்கு நாலு ஏக்கர் சொச்சம்.