குற்றம் குலத்திலோ, குடியிருப்பிலோ?

இளைஞன் ஒருவன் தீநெறியிற் சென்றான் என்று கேட்டவுடன், அவன் எவ்வூரான், எக்குலத்தான், எம்மொழியான் என்று வினவுதல் நம்மவர் வழக்கமாயிருக்கின்றது. அவன் சிறுவனாயிருந்தபோது, 'எங்கே போகின்றாய்?' என்று அவனைக் கேட்டவர் எவரேனும் இருந்தனரோ என ஆராய்வார் அரியர். இவ்விரண்டாம் வினாவே உண்மைக்கு வழிகாட்டுவது என்பது எமது கருத்து.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்துள்ளது இந்நகர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவிற் கேட்கும் ஊர் இது. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் இங்குத் தொழிற்பேட்டை அமைத்த பின்னர், மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் ஆலைகள் எழுந்தன. 2019இல் ஊர் மாநகராட்சியாயிற்று. அயல் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய தொலை மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தவண்ணம் உள்ளனர். ஆதலின், இங்கு ஒரு திருட்டோ அடிதடியோ நிகழின், 'வந்தேறிகளால் வந்த கேடு' என்று கூறிவிடுதல் எளிதாகின்றது.

இஃதொரு புதிய பிழையன்று. 1871இல் ஆங்கில அரசினர் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. யாதொரு குற்றமும் செய்யாதவனும், பிறந்த குலம் பற்றியே பட்டியலிற் பெயர் பதிந்து, காவல் நிலையத்தில் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டியவனானான். சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் அச்சட்டம் ஒழிந்தது. அதன் எண்ணமோ ஒழிந்திலது. குலம் என்று எழுதியிருந்த இடத்தில் மொழி என்றும் மாநிலம் என்றும் இன்று நாம் எழுதிக்கொள்கின்றோம்.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் ஷா, மக்கே என்னும் அறிஞர் இருவர் இளங்குற்றவாளரைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1942இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆலைகளை ஒட்டிய சில பகுதிகளில் ஓரினத்தார் நீங்க மற்றோரினத்தார் குடிபுகுந்தனர்; ஆயினும் அப்பகுதிகளிற் குற்றம் குறைந்திலது. அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்த இனத்தாரிடையே அது குறைந்தது. எனவே, குற்றம் குருதியின்பாலது அன்று என்பது தெளிவு.

அங்ஙனமாயின், குடியிருப்பு ஒருவனைக் கெடுப்பது யாங்ஙனம்? ஒற்றை அறை கொண்ட லைன் வீட்டில் வாழும் சிறுவன் ஒருவனை எண்ணுவோம். தந்தைக்கு இரவு ஷிப்டு. தாய்க்குப் பிற்பகல் ஷிப்டு. அவன் பள்ளியினின்று வரும்போது ஒருவர் உறங்குகின்றார். மற்றவர் ஆலையில் இருக்கின்றார். அண்டை வீட்டார் சென்ற மாதம் வந்தவர். அவன் பெயரும் அறியார். சொந்தக் கிராமத்திலாயின், திண்ணையிலிருக்கும் பாட்டி, 'யார் மகனடா நீ? இந்நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய்?' என்று தடுத்திருப்பாள். இங்கோ அவனைப் பெயர் சொல்லி அழைப்பவன், தெருமுனையில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் 'அண்ணன்' ஒருவனே. அத்திப்பள்ளி எல்லையோ அண்மையிலுள்ளது. மதுவும் குட்காவும் மறைத்துக் கொணர்வோர் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகின்றது. ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாற் கையில் ஒரு நோட்டுக் கிடைக்கும். பணத்தினும் பெரிதாக, தன்னையும் ஒருவன் பொருட்டாக மதித்தான் என்னும் மகிழ்ச்சி கிடைக்கும். அவன் வீழ்வது அம்மகிழ்ச்சியினாலேயே.

'அதே லைன் வீட்டிற் பிறர் நல்வழியிற் செல்கின்றனரே?' என்று சிலர் வினவலாம். உண்மை, பெரும்பாலோர் அங்ஙனமே செல்கின்றனர். செய்த தீமைக்குச் செய்தவனே பொறுப்பாவான் என்பதையும் நாம் மறுக்கிலேம். ஆயினும், நல்வழி நின்றாரை உற்று நோக்கின், காலந்தவறி வரும் இரவிற் சோறிடுமுன், 'எங்கே இருந்தாய்?' என்று கேட்கும் தாயோ தமக்கையோ ஆசிரியரோ ஒருவர் இருத்தலைக் காணலாம். அங்ஙனம் கேட்பார் இல்லாத மாளிகையிலும் பிள்ளைகள் கெடுகின்றனர்.

மக்கட்பேற்றை இல்லறவியலில் வைத்த வள்ளுவர், சிற்றினஞ்சேராமையைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். அவ்வதிகாரம் அரசனை நோக்கியதேயாயினும், நாம் அதனினின்று கொள்ளத்தக்க கருத்து ஒன்றுண்டு. பிள்ளையை வளர்த்தல் வீட்டின் கடமை. அவனைச் சூழும் கூட்டத்தைச் செவ்விதாக்கல் ஊருக்கும் அரசுக்கும் உரிய கடமை. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும், சிறுவரைக் காக்கும் முதற்பொறுப்புக் குடும்பத்தினது என்றும், இல்லங்களில் அடைத்து வைத்தல் வேறு வழியில்லாத போதே செய்யத்தக்கது என்றும் கூறுகின்றது.

ஆதலின், ஆலை முதலாளிகள் கணவனும் மனைவியும் பிள்ளைகளைத் தனியே விட நேராதவாறு ஷிப்டுகளை வகுத்தல் வேண்டும். மாநகராட்சியினர் லைன் வீடுகள் நிறைந்த தெருக்களில் விளையாட்டுத் திடலும், இரவிலும் திறந்திருக்கும் படிப்பகமும் அமைத்தல் வேண்டும். கல்லூரி மாணவராகிய நமக்கும் பங்குண்டு. வாரத்தில் இருநாள் மாலை ஒரு மணி நேரம் அத்தெருக்களிற் பாடஞ் சொல்லிக் கொடுத்தல் நம்மால் இயலாததன்று. பிறன் யார் என்று கேட்டவனுக்கு, அயலினத்தானாகிய சமாரியன் ஒருவனையே நம் ஆண்டவர் எடுத்துக் காட்டினார். தெருமுனை அண்ணன் அழைக்குமுன், நாம் சென்று அச்சிறுவனைப் பெயர் சொல்லி அழைப்போமாக. அவன் இந்தி பேசினாலும், கன்னடம் பேசினாலும், தமிழே பேசினாலும், அவன் நம் தெருப்பிள்ளையே.