பின்னர் எழுந்த முற்கதை

முடிந்துபோன கதைக்கு முற்கதை புனைவது இக்காலத்துப் புதுமை என நம் மாணவர் எண்ணுகின்றனர். ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் இரவுப் பணி முடித்து வகுப்பிற்கு வரும் மாணவர் ஒருவர், ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ என்னும் வீடியோ விளையாட்டைப் பற்றி நம்மிடம் உரைத்தார். 2010இல் வந்த முதல் விளையாட்டின் கதை 1911இல் நிகழ்வது. 2018இல் வந்த இரண்டாவதன் கதையோ 1899இல் நிகழ்வது. இவற்றுள் எது உயர்ந்தது என்பதில் அவர்க்கும் அவர்தம் நண்பர்க்கும் ஓயாத வழக்காம்.

இவ்வழக்கு தமிழுக்குப் பழையது. பேராசிரியர் கல்கி, 1941இல் தாம் தொடங்கிய இதழில் முதற்கண் எழுதிய வரலாற்றுப் புதினம் ‘பார்த்திபன் கனவு’. அதில் நரசிம்மவர்மப் பல்லவர் மணப்பருவ மகளுடைய பேரரசர். பின்னர் 1944 முதல் 1946 வரை எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ அப்பேரரசரின் இளமைக் கதை. (உமறுப்புலவர் முற்றுவிக்காத சீறாவைத் தொடர்ந்து பனீ அகமது மரைக்காயர் 1732இல் சின்னச் சீறா பாடியது வேறு வகை, அது விட்ட இடத்திலிருந்து முன்னே செல்வது. இதுவோ பின்னே செல்வது.)

பின்னே செல்வது அரிய பணி. நம்மூரில் முதலில் சாம்பிள் தைத்து, அதற்கு ஒப்புதல் பெற்ற பின்னரே மொத்தச் சரக்கு தைப்பர். முற்கதை எழுதுவோன் நிலை, கப்பலேறிவிட்ட சரக்கிற்குப் பின்னர் சாம்பிள் தைப்பவன் நிலையாகும். ஓர் அங்குலமும் மாற்ற இயலாது. நரசிம்மருக்குக் குந்தவி என்றொரு மகள் உண்டென முதல் நூலே சொல்லிவிட்டது. எனவே ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி பட்டத்தரசியாகப் போவதில்லை என்பதைப் பழைய நூலைப் படித்தவர் தொடக்கத்திலேயே ஐயுறுவர். கல்கி அத்தடையையே வலிமையாக்கிக் கொண்டார். வாதாபியை எரித்து மாமல்லர் தன்னை மீட்டாலன்றி அந்நகரை விட்டு அகலேன் எனச் சிவகாமி சூளுரைக்கையில், அச்சூளுரை நிறைவேறினும் அவள் வாழ்வு நிறைவேறாது என்பதை நாம் முன்னரே உணர்ந்து நடுங்குகின்றோம். பார்த்திபன் கனவில் இத்தகைய ஆழம் இல்லை. அது விரைந்தோடும் இனிய கதை. பொன்னன், வள்ளி போன்ற எளிய மாந்தரின் பேச்சு அதன் அழகு. இரண்டனுள் சிவகாமியே உயர்ந்தது என்பது நம் துணிபு.

ஆயினும் உயர்ந்த முற்கதை தன் மூலத்திற்குத் தீங்கும் செய்யும். பார்த்திபன் கனவில் வரும் ஒற்றைக்கைக் காபாலிகத் தலைவன், புலிகேசியின் உடன்பிறந்தான். (இம்மறையை வெளியிட்டமைக்குப் பொறுத்தருள்க.) சிவகாமியின் சபதத்தில் அவனே நாகநந்தி அடிகள், அஜந்தா வண்ணங்களுக்கும் சிவகாமியின் ஆடலுக்கும் உள்ளம் பறிகொடுத்தவன், நஞ்சும் கலையும் ஓருடலில் கலந்தவன். அவனைக் கண்ட பின் பழைய நூலைத் திறப்போர்க்கு, அங்குள்ள காபாலிகன் பலி கேட்கும் வெறுங் கொடியவனாகவே தோன்றுவான்.

இதனாலேயே, வரலாற்று வரிசைப்படி சிவகாமியை முதலில் படியுங்கள் என மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியப் பெருமக்களோடு நாம் முரண்படுகின்றோம். மகேந்திரவர்மர் வஜ்ரபாகுவாக மாறுவேடம் பூண்டதைக் கண்டு தேர்ந்த கண்கள், பார்த்திபன் கனவின் சிவனடியாரைக் கண்டவுடனே ஐயுறத் தொடங்கிவிடும். அச்சிவனடியார் யாவர் என்பதை ஈண்டு நாம் கூறப்போவதில்லை. ஆசிரியர் எழுதிய வரிசையே படிக்கும் வரிசையாதல் வேண்டும். நாட்டுடைமையான நூல்கள், குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டையும் வாங்கலாம்.

அவ்வரிசையில் படித்தோர், சிவகாமி முடிந்த பின் பார்த்திபன் கனவின் இறுதிப் பகுதியை மீண்டும் ஒருமுறை புரட்டுவாராக. சோழ இளவரசன் விக்கிரமன் மீது காதல் கொண்ட குந்தவிக்கு நரசிம்மர் தடை நிற்பதில்லை. மகளை அவனுக்கே மணம் முடித்து, சோழ நாட்டிற்கு உரிமையும் வழங்குகின்றார். முதன்முறை படிக்கையில் அது பெருந்தன்மையுடைய மன்னர் ஒருவரின் செயல். இரண்டாம் முறை படிக்கையில், வென்ற வாதாபியிலிருந்து மீட்டு வந்த சிவகாமியை மணக்கவியலாது, ஏகாம்பரேசுவரர் திருமுன் அவள் ஆடக் கண்டு நின்றவர் அங்கே அமர்ந்திருக்கின்றார். பழைய நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.