வாந்தி வராத வாந்தி

நாய் வளர்க்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். நீளமான பதிவுதான்.

32 வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். இரைப்பையைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படிப்பட்ட நான்தான், கண்ணெதிரே ஒரு இரைப்பை முறுக்கிக்கொண்டது தெரியாமல் ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீரா ராஜபாளையம் நாய். 8 வயசு. ராத்திரி ஒருவேளைதான் சாப்பாடு, தட்டு நிறையக் கறிச்சோறு. ரெண்டே நிமிஷத்தில் தட்டு காலியாகிவிடும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்குச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும். வாந்தி எடுக்கப் பார்த்தான். உடம்பே குலுங்கியது, வந்ததோ வெறும் நுரை. படுப்பான், எழுவான், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்ப்பான். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. "இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. "வாயுதான், காலையில பார்க்கலாம்" என்றேன் நான்.

விடியற்காலை வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. ஆட்டோவில் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. இரைப்பையில் காற்று நிறைந்து உப்பும். பிறகு அப்படியே முறுக்கிக்கொள்ளும். மேல்வாய், கீழ்வாய் இரண்டும் அடைபட்டுப்போவதால் வாந்தியும் வராது, ஏப்பமும் வராது. உப்பிய இரைப்பை, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய குழாய்களை அழுத்தும். சில மணி நேரத்தில் உயிர் போகும். ஆபரேஷன் செய்துதான் முறுக்கை எடுக்க வேண்டும். சீக்கிரம் கொண்டுவந்தால் பிழைக்கும் நாய்கள்தான் அதிகமாம்.

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நோய் பாதி கொன்றது, என் "காலையில பார்க்கலாம்" மீதியைக் கொன்றது.

"ஒவ்வொரு வாந்திக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியுமா சார்?" என்று கேட்பீர்கள். ஓட வேண்டாம். புல்லைத் தின்று கக்கிவிட்டு வாலாட்டும் நாயை விட்டுவிடுங்கள். கக்கப் பார்த்தும் ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் தவிக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் இன்னும் அவசரம். வயிறு வீங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு ஆரம்பத்தில் வீக்கம் விலா எலும்புக்குள்ளேயே மறைந்திருக்கும். ராஜபாளையம், அல்சேஷன், டாபர்மேன், கிரேட் டேன் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஓமம், இஞ்சி, சோடா எதுவும் முறுக்கை அவிழ்க்காது. நேரம்தான் போகும்.

"ராத்திரியில் எந்த டாக்டர் வருவார்?" நியாயமான கேள்விதான். அதனால்தான் அதைப் பகலிலேயே கேட்டு வைக்கச் சொல்கிறேன். உங்கள் ஊரில் இல்லையென்றால் பக்கத்து ஊரில் யார் பார்ப்பார்கள், எந்த வண்டி கிடைக்கும் என்று இன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.

ஒரே வேளையில் கொட்டாமல் ரெண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அவசரமாக விழுங்க விடாதீர்கள். சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். இவ்வளவு செய்தும் வரலாம். வந்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு குட்டி இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் டாக்டர் நம்பரை மனைவிதான் எழுதி ஒட்டினாள். அடுத்த முறை அவள் சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.