ஆடு தின்னாத செடி

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்ததில் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். ஆனால் காப்பகத்துக்கு வெளியே, நம் காம்பவுண்டு ஓரத்தில் இருப்பவற்றைப் பற்றியும் யாராவது பேச வேண்டுமல்லவா?

செண்பகத்தோப்புச் சாலையிலும், ராஜபாளையம் அய்யனார் கோயில் போகிற வழியிலும், உடம்பு மட்டும் சிவந்த பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இரண்டு இனம். முன்சிறகில் வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் ரத்தச் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் கிரிம்சன் ரோஸ். பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் காமன் ரோஸ். அக்கா தங்கை மாதிரி. இரண்டின் புழுக்களும் தின்பது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி வகையைத்தான். செடியின் விஷம் புழுவின் உடம்பில் ஏறி, சிறகு முளைத்த பிறகும் தங்கிவிடும். ஒருமுறை கொத்திய பறவை மறுபடி கிட்டே வராது. காமன் மார்மன் என்று விஷமே இல்லாத ஒரு பட்டாம்பூச்சி உண்டு. அதன் பெண்களில் சில கிரிம்சன் ரோஸ் மாதிரியும், சில காமன் ரோஸ் மாதிரியும் வேஷம் கட்டித் தப்பிக்கும். நம் பொருட்காட்சி மாறுவேடப் போட்டியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!

இனி சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருந்த அதே முதல் அட்டவணையில் கிரிம்சன் ரோஸுக்குப் பல ஆண்டுகள் இடம் இருந்தது. காமன் ரோஸுக்கு இல்லை. நம் பக்கம் இரண்டுமே அரிதல்ல. காமன் ரோஸ் தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. கிரிம்சன் ரோஸ் பெரும்பாலும் இந்தியா, இலங்கையோடு சரி. அதனால் அக்காவுக்குக் கூடுதல் கவனிப்பு நியாயம்தான். என் சண்டை வேறு. பூச்சியைப் பிடித்தால் குற்றம். அதன் புழு தின்கிற செடியைக் கரிசல் வரப்பில் களைக்கொல்லி அடித்துக் கருக்கினால் கேட்பாரில்லை. எங்கள் தெருவின் காலி மனையை ஜேசிபி விட்டு வழித்தார்கள். அங்கிருந்த பாளைச் செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 'சுத்தம்' என்று பாராட்டு வேறு.

அந்தக் காலத்தில் வயிற்றுப் பூச்சிக்கு இந்தச் செடியைத் தேடிப் போவார்கள். இப்போது யாரும் குடித்துவிடாதீர்கள், அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பட்டாம்பூச்சிக்காக வையுங்கள், போதும். வேலியில் ஒரு ஈஸ்வரமூலிக் கொடி ஏற்றுங்கள். புழுக்கள் இலையை மொட்டையடித்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். கொடி மறுபடி துளிர்க்கும்.