படியேற இயலாதார்க்கும் பாட்டு உரியதே!

பாடுவோன் ஒருவன், கேட்போர் பலர். கேட்போர் இல்லையேல் எத்துணை இனிய பாட்டும் காற்றோடு கலந்து மறையும். ஆதலின் கலைக்கு உயிர் அவையே என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவையறிதல் என்றே பத்துக் குறள்களை ஒதுக்கினார் வள்ளுவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலோ, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கை அளந்து காட்டும் இளங்கோவடிகள், தூண்களின் நிழல் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டதையும் மறவாது சொல்கின்றார். காண்போர் கண்ணுக்கு ஒரு நிழலும் இடையூறாகலாகாது என்று கருதிய இனம் நம்மினம்.

அவ்வினத்தின் இற்றை அரங்குகளில் இடையூறாக நிற்பது நிழலன்று. கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய படிகள்.

நம் திருவொற்றியூரையே எடுத்துக்கொள்வோம். சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று சூளுரைத்து, அச்சூள் தவறி ஊரெல்லை கடந்த நம்பி ஆரூரர் இவ்வூரிலேதான் பார்வை இழந்தார் என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மறு கண்ணும் பெற்றாராம். வழிநெடுகிலும் அவர் பாடிக்கொண்டே சென்றார். பார்வையற்றவனுக்குப் பாட்டெதற்கு என்று எவரும் அவரைத் தடுத்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. அந்நம்பியின் வரலாறு இக்கோவிலில் ஓதப்பட்டபோது சோழன் இரண்டாம் இராசாதிராசன் நேரில் இருந்து கேட்டான் என்று 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கூறும். பார்வை இழந்த ஒருவரின் கதையை ஊரவை கூடிக் கேட்ட ஊர் இது. இன்று பார்வை இழந்த ஒருவர் தாமே வந்து அவையில் அமர்ந்து கேட்க வழியுண்டா? இதுவே நம் வினா.

தமிழ்ப்புலமைக்கும் உடற்குறைக்கும் பகையில்லை. ஒருவர் காணாதவரும் மற்றொருவர் நடவாதவருமாகிய இரட்டைப் புலவர், ஒருவரை ஒருவர் சுமந்தும் வழிகாட்டியும் ஊர்தோறும் பாடினர். அந்தகக்கவி வீரராகவரும், பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் பார்வையின்றியே பெரும்புலவராய் விளங்கினர். அவர்களுக்குத் திறந்திருந்த அவை இன்று எவ்வாறு அடைபட்டது?

நமக்கு நன்கு தெரிந்த வரலாறொன்றை நினைவூட்டுவோம். தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப்பாட்டு கடைசியில் பாடப்படும் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அவ்வியக்கத்தின் அடிப்படை யாது? கேட்போனுக்குப் புரியாத மொழியில் பாடுவது அவனை அரங்கினுள் அமர்த்தியே வெளியில் நிறுத்துவதாகும் என்பதே. இசையறிவில்லாதார் கூற்று என்று அதனை எள்ளினோர் இருந்தனர். ஆயினும், அவையின் உரிமையே பெரிது என்று நம் பெரியோர் நின்றனர், வென்றனர்.

அதே முறையை இன்று நாம் நம்மீது செலுத்திப் பார்த்தல் வேண்டும். மொழித்தடை நீக்கினோம், படித்தடை நீக்கினோமா? செவிக்குப் புரியும் பாட்டு வேண்டும் என்றோம். செவியே கேளாதார்க்கு என் செய்தோம்? தடை எதுவாயினும் தடையே. ஒன்றை எதிர்த்துப் போராடியவர் மற்றொன்றைப் பாராமுகமாய் விடுதல் அறமாகாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளர் 11 இலக்கத்து 79 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். வடசென்னையில் இது பிறவியால் மட்டும் வருவதன்று. பட்டறையிலும் வார்ப்படச் சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்து விரலும் காலும் இழந்தோரையும், இயந்திர இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்று செவிப்புலன் மங்கினோரையும் எண்ணூர் முதல் இராயபுரம் வரை தெருதோறும் காணலாம். நாட்டுக்கு உழைத்து உடல் தேய்ந்தவர்கள் இவர்கள். என் பழைய மாணவர் ஒருவர் இயந்திரத்தில் ஒரு காலை இழந்தவர், நல்ல இசைச்சுவையர். ஒரு மன்றத்தின் விழாவுக்குச் சென்ற அவரை, வாயிற்படிகள் பதினொன்றின்மேல் இருவர் தூக்கிச் சென்று அமர்த்தினர். “ஐயா, பாட்டு நன்றாயிருந்தது. ஆனால் என்னை மூட்டைபோல் தூக்கினார்கள், இனிப் போகேன்” என்றார். தூக்கியோர் நல்லவரே; தவறு படியினுடையது. மானம் உடையவன் ஒருமுறைதான் தூக்கப்படுவான்.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2017 ஏப்பிரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 29ஆம் பிரிவு கலைகள் மாற்றுத்திறனாளர்க்கும் எட்டுமாறு செய்தலை அரசின் கடமையாக்குகின்றது. கட்டடங்களின் அணுகல் பற்றிய விதி வெறும் அறிவுரையாய் நின்றுவிட்டது, அது கட்டாயமானதாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. செய்ய மனம் இருந்தால் இயலும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ தொடர்வண்டியில் மின்தூக்கி உண்டு. பார்வையற்றோர் கால் உணரும் வரித்தளம் உண்டு. உருளை நாற்காலியர் கடலை அணுகுதற்கென 2022 நவம்பரில் மெரினா மணலில் மரப்பாதை அமைக்கப்பட்டது; அடுத்த திங்களே புயல் அதனைச் சிதைத்தும் மீண்டும் செப்பனிட்டனர். மணலிலேயே வழி அமைக்கலாமெனின் மன்றத்தின் வாயிலில் அமைத்தல் அரிதோ?

“எங்கள் மன்றம் ஈட்டம் கருதாதது, பணத்திற்கு எங்குப் போவோம்?” என்பர் சிலர். ஈட்டம் கருதாமையால்தானே பொதுநல அமைப்பென்று பதிவும் வருமான வரிவிலக்கும் பெறுகின்றனர்? பொதுமக்கள் பெயரால் சலுகை பெறுவோர் பொதுமக்களில் ஒரு பகுதியை வாயிலில் நிறுத்தலாமா? “அவர்கள் வருவதே இல்லையே” என்பர் வேறு சிலர். கதவை அடைத்துத் தாழிட்டுவிட்டு, விருந்தினர் வரவில்லை என்று வருந்துவது போன்றது இது.

செலவு மிகுதியன்று. ஓரடி உயரத்திற்குப் பன்னீரடி நீளம் என்பது சாய்தளத்தின் அளவு. ஆறு விரற்கிடையல்ல, ஆறு அங்குல உயரமுள்ள படிகள் மூன்றாயின் பதினெட்டடிச் சாய்தளம் போதும். உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். முன்வரிசையில் உருளை நாற்காலிக்கு இடம் விடுவதற்குக் காசு வேண்டா. அழைப்பிதழில் படியுண்டா, சாய்தளம் உண்டா, கழிப்பறை எத்தகையது என்று அச்சிடுவதற்கு நான்கு வரி போதும். துணைக்கு வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்காதிருக்கலாம்.

காணாதார்க்குக் காட்சியை விளக்கியுரைக்கும் முறை 1981இல் அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகர நாடக அரங்கொன்றில் தொடங்கியது என்பர். நம் தெருக்கூத்தைப் பாருங்கள்! கட்டியங்காரன் முன்வந்து இன்னார் வருகின்றார் என்று அறிவிப்பான். வந்தவனும் தான் யாரென்று தானே பாடி உணர்த்துவான். கண் மூடிக்கொண்டு கேட்டாலும் கதை விளங்கும். அக்கூத்துக்குப் படியும் இல்லை. சமநிலத்தில் ஊரே சூழ்ந்திருக்கும். நாம் கைவிட்டதை அயலார் புதிதாய்க் கண்டனர். அதனை நம் மேடை மீண்டும் கொள்வதில் என்ன இழப்பு?

கேளாதார் பற்றி ஒரு சொல். சைகைமொழி எனப் பலரும் வழங்கும் கைம்மொழி, ஏதோ கையசைப்பன்று. தனக்கென இலக்கணம் உடைய முழுமொழி. தாய்மொழியின் அருமையை அறிந்த நாம், கேளாதார் தாய்மொழியையும் மதித்தல் வேண்டாவா? மேடையோரத்தில் அம்மொழியறிந்த ஒருவரை நிறுத்துக. பாட்டின் அடிகளைத் திரையில் எழுதிக் காட்டுக. எழுத்தில் தமிழைக் காண்பது கேட்போர்க்கும் நலமே.

இவையெல்லாம் அவர்களைக் கேட்டுச் செய்யப்படல் வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள், டிசம்பர் 3 அன்று, மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி இனிப்பளித்து அனுப்பிவிட்டு, மற்ற நாளெல்லாம் வாயிலை அடைப்பது சிறப்புச் செய்தலன்று. மன்றத்தின் செயற்குழுவிலேயே அவர்கள் இருவர் இருக்கட்டும். எந்தப் படி இடறும், எந்த ஒலிபெருக்கி குழப்பும் என்று அவர்கள் அறிவார், நாம் அறியோம்.

வடசென்னைத் தமிழ் மன்றத்தாரே, இசைக்கழகத்தாரே! அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுமுன் உங்கள் வாயிலில் நின்று படிகளை எண்ணுங்கள். அவையை அறிந்தவன் தமிழன் என்று மேடையில் முழங்குமுன், அவைக்கு வர இயலாதவர் யாரென்று அறியுங்கள். தமிழிசை தமிழர் அனைவர்க்கும் உரியது என்றோம். அனைவர் என்ற சொல்லில் எவரையும் விட்டுவைக்க நமக்கு உரிமை இல்லை.