காணிக்கைக்கு முன்னால்

கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். ஈரோடு பிரப் சர்ச்சில் அவரவர் நேராக ஆண்டவரிடமே மன்றாடுகிறார்கள். வழி எதுவானாலும், இயேசு கற்பித்த ஜெபம் நமக்கு வேண்டிய மன்னிப்பை, நாம் பிறரை மன்னிப்பதோடு சேர்த்தே கேட்கிறது. அந்த இடத்தைத்தான் நாம் வேகமாகச் சொல்லிக் கடக்கிறோம். வரப்புத் தகராறில் பங்காளியோடு வருஷக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாமல், எனக்கும் இயேசுவுக்கும் தனி உறவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்வது மலைப்பிரசங்கம். 1999-இல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரியான தன் கணவர் கிரஹாமையும் இரு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தார். குற்றத்துக்கான தண்டனை சட்டத்தின் வேலை என்பதிலும் தெளிவாக இருந்தார். உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பவில்லை. பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார்.